சின்னக் கார், மூன்று சிலிண்டர்: ஒரு பெற்றோல் எஞ்சினைப் படிப்போம்

பிரித்தானியாவுக்கு வந்த எங்கட ஆக்களுக்கு முதல் கார் என்று அமைவது அநேகமாக ஒரு பழைய சின்னப் பெற்றோல் கார்தான். சொந்தக்காரர் ஒருவர் புதுசு வாங்கும்போது பழசைத் தருவார், அல்லது இரண்டு மூன்று பேர் சேர்ந்து காசு போட்டு வாங்குவார்கள். இந்தப் பாடத்தில் அப்படியான கார்களில் அடிக்கடி காணக்கூடிய ஒரு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் 1கேஆர்-எவ்ஈ. டைஹற்சு வடிவமைத்த ரொயோட்டா எஞ்சின் இது. 2005இல் வந்த ரொயோட்டா அய்கோ, சிற்றோயென் சி1, பேஜோ 107 ஆகிய மூன்று பெற்றோல் கார்களிலும் இதுதான் இருக்கிறது. மூன்றும் செக் நாட்டின் கொலீன் என்ற ஊரில் ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. முகமும் பெயரும்தான் வேறு, உள்ளுக்கு எல்லாம் ஒன்று. இரண்டாம் தலைமுறை யாரிஸ் 1.0 காரிலும் இதைக் காணலாம். ஊரில் ஆயிரம் சி.சி. விட்ஸ் அல்லது பாஸோ ஓட்டியவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த எஞ்சின்தான்.

பாடத்துக்குள் போக முன்னம் மூன்று விசயத்தை மனதில் வையுங்கோ. புகலிடக் கோரிக்கை முடிவாகாமல் இருப்பவர் இங்கே கார் ஓட்டலாமா, லைசன்ஸ் எடுக்கலாமா என்பது அவரவர் நிலைமையைப் பொறுத்தது. உங்கட சட்டத்தரணியிடம் கேட்காமல் ஸ்ரியரிங்கில் கை வையாதேங்கோ. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண் தண்டம், ஆறு புள்ளி, காரையும் பொலிஸ் தூக்கிக்கொண்டு போகலாம். இரண்டாவது, ஹோம் ஒபிஸ் உதவிப்பணத்தில் இருப்பவர்களுக்குக் கார் ஒரு சொத்தாகவே கணக்கில் எடுக்கப்படும். வாங்கினாலும் ஒருவர் சும்மா தந்தாலும் அறிவிக்க வேணும். மூன்றாவது, ஊரில் மெக்கானிக் பாஸாக இருந்தவர்களுக்கு: வேலை அனுமதி இல்லாமல் ஒரு கராஜில் "கைக்காசுக்கு ஒரு நாள் உதவி" என்று போனாலும் அது சட்டத்தில் வேலைதான். படிக்கிறதுக்கு யாரும் தடை போடவில்லை. இந்தப் பாடம் அதுக்குத்தான்.

எஞ்சின் எப்படிப்பட்டது?

கொள்ளளவு 998 சி.சி. ஜப்பானில் இருந்து வந்த விட்ஸ் பத்திரங்களில் 996 என்று இருக்கும், குழம்ப வேண்டாம். சிலிண்டர் மூன்று, ஒரு சிலிண்டருக்கு நாலு வல்வ் வீதம் பன்னிரண்டு வல்வ். மேலே இரண்டு கேம் சாஃப்ற். ஐரோப்பாவுக்கு வந்த முதல் தலைமுறையில் வலு 68 குதிரை. புளொக்கும் ஹெட்டும் அலுமினியம் என்பதால் எஞ்சினின் எடை எழுபது கிலோ அளவுதான். கொஞ்சம் தின்று அதிகம் உழைக்கும் எஞ்சின் என்பதற்காக 2007இலிருந்து 2010வரை நாலு வருடமும் ஒரு லீற்றருக்கு உட்பட்ட எஞ்சின்களுக்கான சர்வதேச விருது இதுக்குத்தான் கிடைத்தது.

ஸ்ரார்ட் பண்ணி நிற்கும்போது கார் சின்னதாக உதறும். இதைக் கண்டு பயந்து கராஜுக்கு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். காரணம் எளிது. நாலு சிலிண்டர் எஞ்சினில் கிராங் சாஃப்ற் 180 பாகை திரும்பும்போது ஒரு தடவை வெடிக்கும். மூன்று சிலிண்டரில் 240 பாகைக்கு ஒரு தடவைதான். அதோடு இரண்டு அந்தத்திலும் உள்ள பிஸ்ரன்கள் ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே வருவதால் எஞ்சின் முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடப் பார்க்கும். சில எஞ்சின்களில் இதை அடக்க ஒரு சமநிலைத் தண்டு போடுவார்கள். இதில் போடவில்லை, எடையும் செலவும் மிச்சம். ஊரில் மாருதி 800 வைத்திருந்தவர்களுக்கு இந்த உதறல் பழக்கம், அதுவும் மூன்று சிலிண்டர்தானே. ஓடத் தொடங்கினால் அடங்கிவிடும். நிற்கும்போது ஒரே சீராக உதறினால் இயல்பு. விட்டு விட்டு, தடக்கித் தடக்கி உதறினால்தான் நோய்.

வல்வ்களை இயக்குவது ரப்பர் பெல்ற் இல்லை, செயின். அதனால் "ரைமிங் பெல்ற் மாற்ற வேணும்" என்று இந்த எஞ்சினுக்கு யாராவது காசு கேட்டால் அவருக்கு எஞ்சின் தெரியாது அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். ஆனால் செயின் என்றால் பார்க்கவே தேவையில்லை என்றும் இல்லை. செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம் ஒயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஒயில் குறைந்தால் அல்லது தார் போலக் கறுத்துத் தடித்தால் பிடி தளரும், செயின் நீளும். காலையில் ஸ்ரார்ட் பண்ணியதும் சில விநாடி "கறகற" என்று சங்கிலி குலுக்கும் சத்தம் கேட்டால் அதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2014இல் இந்தக் கார்களின் இரண்டாம் தலைமுறை வந்தது, பேஜோ 107 போய் 108 ஆனது. அந்த 108, சி1 கார்களில் 1.2 எஞ்சின் போட்டதும் விற்பனைக்கு வந்தது. அது முற்றிலும் வேறு எஞ்சின். அதில் ரைமிங் பெல்ற் ஒயிலுக்குள் நனைந்தபடியே ஓடும். பெல்ற் உதிர்ந்து, அந்தத் துகள் ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்த சம்பவங்கள் நிறைய. பார்த்தால் ஒரே கார் போல இருக்கும். பதிவுப் பத்திரத்தில் 998 சி.சி. என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கோ.

வெப்பம்தான் எதிரி

இந்த எஞ்சினில் அதிகம் பழுதாகும் பாகம் வோட்டர் பம்ப். கூலன்ட் தண்ணியை எஞ்சினுக்குள்ளும் ரேடியேற்றருக்குள்ளும் சுற்றவிடும் சின்ன உறுப்பு. பொனற்றைத் திறந்தால் வெளியே தெரியும் பெல்ற்தான் இதைச் சுழற்றுகிறது. உள்ளே உள்ள பெயாரிங்கும் சீலும் தேய்ந்தால் கூலன்ட் சொட்டுச் சொட்டாக வெளியேறும். உதிரிப்பாகம் பெரிய விலை இல்லை. நேரத்தோடு கண்டுபிடித்தால் சாதாரண கராஜில் முடிகிற வேலை. கண்டுபிடிக்காவிட்டால் கதை வேறு.

ஏன் வேறு? இந்த மூன்று கார்களின் முதல் தலைமுறையில் வெப்பமானி முள் கிடையாது. விலையைக் குறைக்க அதை எடுத்துவிட்டு, சூடு எல்லை தாண்டும்போது எரியும் சிவப்பு லைற் ஒன்றை மட்டும் வைத்தார்கள். முள் உள்ள காரில் "கொஞ்சம் ஏறுதே" என்று முன்கூட்டியே தெரியும். இதில் இடைப்பட்ட நிலை என்று ஒன்றும் தெரியாது. லைற் எரியும்போது நீங்கள் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறீர்கள். இன்னொன்றும் உண்டு. வெப்பத்தை அளக்கும் உணரி கூலன்டில் நனைந்திருக்கும்போதுதான் சரியாக அளக்கும். கூலன்ட் முழுக்க வெளியேறிவிட்டால் அது வெறும் காற்றில் நிற்கும், எஞ்சின் வெந்தாலும் லைற் பிந்தித்தான் எரியலாம்.

அலுமினிய ஹெட் அளவுக்கு மீறிச் சூடேறினால் வளைந்துவிடும். ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் உள்ள காஸ்கெற் போகும். அந்தத் திருத்தச் செலவு ஒரு பழைய அய்கோவின் விலையையே தாண்டிவிடும். "இன்னும் இரண்டு மைல்தானே, வீட்டுக்குப் போய்ப் பாப்பம்" என்று ஓட்டுகிற அந்த இரண்டு மைலில்தான் எஞ்சின் சாகிறது. சிவப்பு வெப்ப லைற் எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே ஒதுக்கி எஞ்சினை நிற்பாட்டுங்கோ. மோட்டர்வேயில் என்றால் இடது பக்கக் கதவால் இறங்கித் தடுப்பு வேலிக்கு அப்பால் போய் நில்லுங்கோ. ஒதுக்க இடம் இல்லாமல் நெரிசலில் மாட்டினால் ஹீற்றரை முழுச் சூட்டில் போட்டுக் காற்றாடியையும் கூட்டினால் எஞ்சினின் சூட்டில் கொஞ்சம் காருக்குள் வந்துவிடும். அது இடம் கிடைக்கும் வரைக்கும் மட்டும்தான். சூடான ரேடியேற்றர் மூடியை மட்டும் திறக்கவே வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் கொதிக்கிற தண்ணி முகத்துக்குத்தான் பாயும். எஞ்சின் கையால் தொடுகிற அளவுக்கு ஆறும் வரை பொறுத்திருங்கோ.

இதெல்லாம் வராமல் பார்க்கிறது ஐந்து நிமிட வேலை. வாரத்தில் ஒரு நாள், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பொனற்றைத் திறவுங்கோ. கூலன்ட் உள்ள பிளாஸ்ரிக் ரங்கியில் இரண்டு கோடு இருக்கும். தண்ணி அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேணும். பெல்ற் பக்கத்தில் ரோச் லைற் அடித்துப் பாருங்கோ. பம்பின் அடியில் காய்ந்த இளஞ்சிவப்பு அல்லது வெள்ளைப் படிவு உப்புப் பூத்தது போல ஒழுகிய தடத்தோடு இருந்தால் பம்ப் கசியத் தொடங்கிவிட்டது. பெல்ற் பக்கத்திலிருந்து உறுமல் சத்தம் வந்தால் பெயாரிங் தேய்கிறது. இரவில் காருக்கு அடியில் ஒரு காட்போட் மட்டை போட்டுவிட்டுக் காலையில் பார்ப்பதும் நல்ல பழக்கம். ஓடும்போது ஒரு அறிகுறி: எஞ்சின் சூடாகி நெடுநேரம் ஆனபிறகும் ஹீற்றரில் திடீரெனக் குளிர் காற்று வந்தால் கூலன்ட் குறைந்திருக்கக்கூடும். "ஹீற்றர் பழுது போல, பரவாயில்லை, ஜக்கெற் போடுவம்" என்று விடாதேங்கோ.

யாழ்ப்பாணத்தில் ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணி விட்டவர்கள் நாங்கள். அங்கே அது ஓடும்; இங்கே ஓடாது. வெறும் தண்ணி மாரிகாலத்தில் உறையும். உறையும்போது பருத்து, புளொக்கையே வெடிக்கச் செய்யும். பாதி தண்ணி, பாதி உறைதடுப்புத் திரவம் என்று கலந்தால் பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகைக்கு மேலும் தாங்கும். கடையில் கலந்தே விற்பதும் உண்டு. "அன்ரிஃப்றீஸ்" என்று கேளுங்கோ, காரின் வருடத்தையும் சொல்லுங்கோ. நிறத்தை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. கண்ட கண்ட வகைகளை ஒன்றோடொன்று கலக்கவும் கூடாது. இந்தத் திரவம் இனிப்புச் சுவை உள்ளது, குடித்தால் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் சமையலறைக்குள் வைக்காதேங்கோ.

ஒயிலும் புகையும்

இந்த எஞ்சின் குடிக்கும் ஒயில் மூன்று லீற்றர் சொச்சம்தான். பெரிய எஞ்சினில் ஒரு லீற்றர் குறைந்தால் சமாளிக்கும், இதில் ஒரு லீற்றர் என்பது மூன்றில் ஒரு பங்கு. அதனால் டிப்ஸ்ரிக்கைப் பார்ப்பதும் அந்த வார வேலையில் சேர வேணும். மட்டமான இடத்தில் நிறுத்தி, எஞ்சின் நின்று கொஞ்ச நேரம் ஆனபிறகு, கம்பியை இழுத்துத் துடைத்து, திரும்பச் செருகி இழுத்துப் பார்க்க வேணும். இரண்டு குறிக்கும் நடுவில் என்றால் சரி. சாதாரணமாகப் போடுவது 5டபிள்யூ-30 செயற்கை ஒயில். தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளி 10,000 மைல் அல்லது ஒரு வருடம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கடைக்குப் போய்வரும் பழைய காருக்கு 6,000 மைலில் மாற்றுவது நல்லது என்பது என்னுடைய எண்ணம். அந்தச் செலவை மிச்சம் பிடிப்பவர்கள் பிறகு செயினுக்குக் கட்டுகிறார்கள்.

குறுகிய ஓட்டம் என்றதும் இன்னொன்று. மாரிகாலத்தில் ஒயில் மூடியைத் திறந்தால் அடியில் வெளிர் மஞ்சள் களி போல ஒட்டியிருக்கும். உடனே "ஹெட் காஸ்கெற் போச்சு" என்று சிலர் பயமுறுத்துவார்கள். எஞ்சின் முழுச் சூடாக முன்னம் நிற்பாட்டினால் உள்ளே ஈரம் ஒதுங்கி ஒயிலோடு கலந்து இப்படி வரும். கூலன்ட் அளவு குறையாமல், டிப்ஸ்ரிக்கில் ஒயில் சுத்தமாக இருந்தால் பயமில்லை; ஒரு அரை மணித்தியாலம் நல்லா ஓட்டினால் போய்விடும். டிப்ஸ்ரிக்கிலும் பால் விட்ட தேத்தண்ணி நிறம், கூலன்டும் குறைகிறது என்றால் அதுதான் காஸ்கெற்.

புகைக்கும் இதே கதைதான். குளிர் காலையில் வெள்ளையாக ஆவி வருவது எல்லாக் காருக்கும் இயல்பு, எங்கட வாயிலிருந்தும் வருகிறதே. எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வெள்ளைப் புகை, அதில் இனிப்பு மணம் என்றால் கூலன்ட் எரிகிறது. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெற்றோல் அளவுக்கு மேல் போகிறது.

ஸ்ரார்ட் பண்ணிப் பத்து நிமிடம் சூடேற்றுவது இந்த எஞ்சினுக்குத் தேவையில்லை. அரை நிமிடம் போதும், பிறகு முதல் சில மைல்களுக்கு மெதுவாக ஓட்டினால் சரி. தெருவில் காரை ஓடவிட்டு வீட்டுக்குள் போய்த் தேத்தண்ணி குடிப்பது சட்டப்படியும் குற்றம்.

மஞ்சள் எஞ்சின் லைற்

மூன்று பிளக்குக்கும் தலையில் தனித்தனி கொயில் இருக்கிறது. ஒன்று செத்தால் எஞ்சினின் மூன்றில் ஒரு பங்கு வலு போய்விடும். கார் தடக்கும், மேட்டில் ஏறாது, டாஷ்போட்டில் மஞ்சள் எஞ்சின் லைற் எரியும். லைற் சிமிட்டினால் எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய் அங்குள்ள கற்றலிற்றிக் கொன்வேற்றரைச் சூடேற்றி அழிக்கிறது என்று அர்த்தம். அது கொயிலை விடப் பல மடங்கு விலை. வேகத்தைக் குறைத்து, முடிந்தளவு சீக்கிரம் நிறுத்துங்கோ.

இந்தக் கார்களில் எல்லாம் ஸ்ரியரிங்குக்குக் கிட்ட பதினாறு ஊசி உள்ள ஒரு இணைப்பு இருக்கும். சின்னக் குறி வாசிப்பான் கருவி ஒன்றைச் செருகினால் பழுதின் இலக்கத்தைக் காட்டும். பி0301 என்றால் முதலாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை, பி0302 இரண்டாவது, பி0303 மூன்றாவது. ஆனால் காரணம் பிளக்கா கொயிலா என்று கருவி சொல்லாது. அதற்கு ஊர் மெக்கானிக் புத்தி போதும். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, முதலாவது கொயிலை இரண்டாவதின் இடத்துக்கும் இரண்டாவதை முதலாவதுக்கும் மாற்றுங்கோ. பழைய குறியை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கோ. குறி இப்போது பி0302 என்று மாறினால் பழுது கொயிலோடு நகர்ந்திருக்கிறது, கொயில்தான் குற்றவாளி. பி0301 ஆகவே நின்றால் அடுத்ததாக பிளக்கைப் பாருங்கோ. கராஜில் மூன்று கொயிலும் மாற்ற வேணும் என்று சொன்னால் "எந்தச் சிலிண்டர்?" என்று கேட்கிற தைரியம் இதனால் வரும்.

2018 மே மாதத்திலிருந்து இந்த மஞ்சள் லைற் எரிந்தபடி இருந்தால் எம்.ஓ.ரி. சோதனையில் காரைத் தோற்கடிப்பார்கள். லைற்றின் மேல் கறுப்பு ரேப் ஒட்டி விற்கிறவர்களும் உண்டு. அதனால் கார் பார்க்கப் போனால் சாவியை "ஒன்" நிலைக்குத் திருப்பியதும் எல்லா லைற்றும் ஒரு தடவை எரிகிறதா, எஞ்சின் ஸ்ரார்ட் ஆன பிறகு அணைகிறதா என்று பாருங்கோ. எரியாத லைற்தான் சந்தேகத்துக்குரியது.

வாங்கப் போகும்போது

போன உடனே பொனற்றில் கை வைத்துப் பாருங்கோ. சூடாக இருந்தால் விற்பவர் முன்கூட்டியே ஸ்ரார்ட் பண்ணி வைத்திருக்கிறார். ஏன் என்று கேளுங்கோ, முடிந்தால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லுங்கோ. செயின் சத்தமும் நீலப் புகையும் குளிர்ந்த எஞ்சினில்தான் வெளிப்படும். முதல் வருடங்களில் வந்த கார்களில் கிளச் சீக்கிரம் தேய்வதும் தெரிந்த குறை. லைசன்சும் இன்சூரன்சும் உள்ள ஒருவரை ஓட்டச் சொல்லுங்கோ. மூன்றாவது கியரில் மெதுவாகப் போகும்போது அக்சிலேற்றரை ஒரேயடியாக அமத்தினால் எஞ்சின் இரைச்சல் கூடி, கார் வேகம் கூடாவிட்டால் கிளச் வழுக்குகிறது.

இலக்கத்தகட்டு எண்ணைக் கொடுத்தால் அரசாங்க இணையத்தளத்தில் அந்தக் காரின் பழைய எம்.ஓ.ரி. முடிவுகள் எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். வருடாவருடம் மைல் ஏறிக்கொண்டு போகிறதா, ஒயில் கசிவு என்று முன்னம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கோ. நூலகத்துக் கணினியிலும் இதைச் செய்யலாம்.

பெற்றோல் நிலையத்தில் ஈ10 என்று எழுதிய சாதாரண 95 ஒக்ரேன் இந்த எஞ்சினுக்குப் போதும். விலை கூடிய சுப்பர் போட்டு ஒரு பலனும் இல்லை. பச்சைப் பிடி பெற்றோல், கறுப்புப் பிடி டீசல். மாறி அடித்துவிட்டால் சாவியைத் தொடாமல் உதவிக்குச் சொல்லுங்கோ.

கராஜில் பேச ஆங்கிலம் தடங்கினால் இந்த வசனங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கோ. கூலன்ட் குறைகிறது, பம்பைப் பார்க்கவும் என்பதற்கு: "இற் இஸ் லூசிங் கூலன்ட், பிளீஸ் செக் த வோட்டர் பம்ப்." தடக்கி ஓடுகிறது என்பதற்கு: "இற் இஸ் மிஸ்ஃபயரிங்." வேலை தொடங்க முன்னம் விலை கேட்க: "ஹவ் மச் இன் ரோற்றல், வித் வி.ஏ.ரி?" இருபது வீத வரி சேர்க்காத விலையைச் சொல்லிவிட்டுப் பிறகு சேர்ப்பவர்கள் இருப்பதால் அந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிடாதேங்கோ. கழற்றிய பழைய பாகத்தைப் பார்க்க: "கான் ஐ சீ தி ஓல்ட் பார்ட், பிளீஸ்?" வோட்டர் பம்ப் என்றால் அதைக் கையில் வாங்கிச் சுழற்றிப் பாருங்கோ. உண்மையாகவே தேய்ந்தது என்றால் கரகரக்கும், அச்சும் ஆடும்.